4.3-ஆ, 4.1-ஆ? பின் அச்சுக்குள் ஒளிந்திருக்கும் கணக்கு

கியர் சைக்கிள் வைத்திருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு காலிலேயே தெரியும். பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரத்துக்குச் செயினை மாற்றினால் பாலத்து மேடு சுலபமாக ஏறும். மேடு முடிந்து சமதரை வந்ததும் கால் மட்டும் காற்றாடியாகச் சுற்றும், சைக்கிள் ஊர்ந்துகொண்டிருக்கும். சின்னப் பல்சக்கரத்துக்கு மாற்றினால் சமதரையில் சைக்கிள் பறக்கும், அடுத்த மேட்டில் மூச்சு வாங்கும். மிதிக்கிற கால் ஒன்றுதான். அதன் பலத்தை இழுவையாக வாங்குவதா, வேகமாக வாங்குவதா என்பதை மட்டும்தான் பல் எண்ணிக்கை முடிவு செய்கிறது.

பைக் பந்தயக்காரர்களுக்கும் இது பழகிய விஷயம். இருங்காட்டுக்கோட்டை டிராக்கின் நீளம் 3.717 கிலோமீட்டர். கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அதைவிட மிகவும் சின்னது. இரண்டுக்கும் ஒரே செயின் ஸ்பிராக்கெட் பொருந்த வேண்டும் என்று கட்டாயம் இல்லை. முன்னால் 14 பல், பின்னால் 42 பல் என்றால் விகிதம் 3. முன்னால் ஒரு பல்லைக் குறைத்து 13 ஆக்கினால் 3.23. முன்னால் 14-ஐ அப்படியே விட்டு, பின்னால் மூன்று பல் கூட்டி 45 ஆக்கினாலும் கிட்டத்தட்ட அதேதான், 3.21. ஸ்பேனர் இருந்தால் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். பிடிக்கவில்லையா, அடுத்த வாரம் பழைய பல்லையே திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.

காரில் அப்படி விளையாட முடியாது. பின்சக்கரத்தால் ஓடும் காரில் இன்ஜினின் சுழற்சி கியர்பாக்ஸ் வழியாக வந்து, புரொப்பெல்லர் ஷாஃப்ட் வழியாகப் பின் அச்சுக்குப் போகிறது. அங்கே பினியன் என்ற சின்னப் பல்சக்கரம், கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. பினியனுக்கு 10 பல், கிரவுனுக்கு 43 பல் என்றால் விகிதம் 4.3. புரொப்பெல்லர் ஷாஃப்ட் 4.3 சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். இதற்கு ஃபைனல் டிரைவ் என்று பெயர். பேச்சுவழக்கில் டிஃபரன்ஷியல் ரேஷியோ என்கிறார்கள். உண்மையில் டிஃபரன்ஷியல் என்பது கிரவுனோடு சேர்த்து முடுக்கப்பட்ட இன்னொரு சின்னக் கூண்டு. வளைவில் இடது சக்கரமும் வலது சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற வழிவிடுவதுதான் அதன் வேலை. இரண்டும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் குடியிருப்பதால் பெயரும் ஒன்றாகிவிட்டது. நம் ஊரில் ஓடும் முன்சக்கர இழுவைக் கார்களில் இந்த இரண்டுமே கியர்பாக்ஸுக்குள் அடங்கியிருக்கும். மாற்ற வேண்டுமானால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும்.

பல் எண்ணிக்கையைப் பார்க்கும்போது ஒரு சந்தேகம் வரலாம். 43-க்கு 10, 41-க்கு 10, 43-க்கு 11 என்று ஏன் இப்படிக் கோணல்மாணலாக? 40-க்கு 10 என்று வைத்தால் அழகாக 4 என்று வருமே! வரும். ஆனால் பினியனின் ஒரு பல், ஆயுள் முழுக்கக் கிரவுனின் அதே நான்கு பற்களையே கடித்துக்கொண்டிருக்கும். ஒரு பல்லில் சின்னக் குறை இருந்தாலும் தேய்மானம் அதே ஜோடிகளில் போய்ச் சேரும். பொது வகுத்தி இல்லாத எண்களை வைத்தால் ஒவ்வொரு பல்லும் எல்லாப் பற்களையும் சந்தித்துவிடும். ஐந்தாம் வகுப்புக் கணக்கு, இரும்புக்கும் உதவுகிறது.

ஒரே கார், இரண்டு வாழ்க்கை

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க மாஸ்டா மியாட்டாவைவிடப் பொருத்தமான கார் கிடைப்பது அரிது. 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமான இரண்டு இருக்கை வண்டி. துணிக் கூரை, பின்சக்கர இழுவை, ஒரு டன்னுக்கும் குறைவான எடை, 1.6 லிட்டர் இன்ஜின், 116 குதிரைத்திறன். 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது கார் தொழிற்சாலையை விட்டு வந்தது. அமெரிக்காவில் வார நாட்களில் அலுவலகத்துக்கும், ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்குப் பந்தயத்துக்கும் ஒரே காரை ஓட்டுகிறவர்களில் பலர் கையில் இருப்பது இதுதான்.

அந்தப் பொழுதுபோக்குப் பந்தயத்தின் பெயர் ஆட்டோகிராஸ். பெரிய வாகன நிறுத்துமிடத்திலோ பழைய விமான ஓடுதளத்திலோ ரப்பர் கூம்புகளை அடுக்கி, நெளிந்து நெளிந்து போகும் பாதை போடுவார்கள். ஒருவர் பின் ஒருவராக, கடிகாரத்தை எதிர்த்து ஓட்ட வேண்டும். கூம்பைத் தட்டினால் இரண்டு விநாடி அபராதம். பாதை பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வேகமும் நெடுஞ்சாலையில் போகும் வேகத்தைத் தாண்டுவது குறைவு. இதைத் தவிர, உண்மையான ரேஸ் டிராக்கை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, பொதுமக்களைத் தங்கள் காரிலேயே ஓட்டவிடும் டிராக் டே என்ற ஏற்பாடும் உண்டு.

அமெரிக்காவில் 1990 முதல் 1993 வரை விற்ற 1.6 லிட்டர் மியாட்டாவில் மாஸ்டா வைத்தது 4.3. 1994-ல் 1.8 லிட்டர் இன்ஜின் வந்தபோது அது 4.1 ஆனது. பின்னால் வந்த கார்களிலிருந்தும் உதிரிபாகச் சந்தையிலிருந்தும் 3.9, 3.63, 4.78 எல்லாம் கிடைக்கின்றன. கிடைக்கிறது என்பதுதான் சிக்கலின் தொடக்கம்.

1992 மாடல் மியாட்டா வைத்திருக்கும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். அலுவலகத்துக்கு நெடுஞ்சாலையில் போக ஐம்பது கிலோமீட்டர், வர ஐம்பது கிலோமீட்டர். மாதம் இரண்டு ஞாயிறு ஆட்டோகிராஸ். வருடத்துக்கு இரண்டு மூன்று டிராக் டே. வீட்டில் வேறு கார் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பின் அச்சு உடைந்தால் திங்கட்கிழமை வேலைக்குப் போக வழியில்லை. அவரிடம் ஒரு நண்பர், "4.78 போடு, ராக்கெட் மாதிரி போகும்" என்பார். இன்னொருவர், "3.63 போடு, ஹைவேயில் நிம்மதி" என்பார். இரண்டுமே பாதி உண்மை.

ராக்கெட் எங்கே தொலைகிறது?

விகித எண் பெரியதானால் சக்கரத்துக்குப் போகும் இழுவை கூடுகிறது. 4.1-ஐவிட 4.3-ல் சுமார் 5 சதவிகிதம் அதிகம். இதில் பொய் இல்லை. ஆனால் இந்தக் கணக்கு, இரண்டு கார்களும் ஒரே கியரில் இருக்கும்போது மட்டும்தான் செல்லும். பெரிய எண் போட்ட காருக்கு ஒவ்வொரு கியரும் சீக்கிரமே தீர்ந்துவிடும். தீர்ந்ததும் அடுத்த கியருக்குப் போயாக வேண்டும். அங்கேதான் ராக்கெட் தொலைந்துபோகிறது.

எண்களைப் போட்டுப் பார்த்துவிடலாம். அந்தக் காலத்து மியாட்டாவின் டயர் 185/60 ஆர்14. ஒரு சுற்றுக்குத் தோராயமாக 1.8 மீட்டர் ஓடும். ஐந்து கியர் பெட்டியில் இரண்டாவது கியர் 1.888, மூன்றாவது 1.330, நான்காவது 1, ஐந்தாவது 0.814. இன்ஜினின் சிவப்புக் கோடு 7000 ஆர்.பி.எம். 4.3 போட்ட கார் இரண்டாவது கியரில் 93 கிலோமீட்டர் வேகம் வரை போகும். 4.1 போட்டால் 98 வரை. 3.9 போட்டால் 102, 3.63 போட்டால் 110. அந்த நண்பர் சொன்ன 4.78 போட்டால் 84-லேயே இரண்டாவது கியர் முடிந்துவிடும்.

இப்போது ஒரே வேகத்தில் இரண்டு கார்களைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். மணிக்கு 80 கிலோமீட்டரில் இரண்டுமே இரண்டாவது கியர். 4.3 போட்ட கார் 5 சதவிகிதம் முந்துகிறது. மணிக்கு 95 கிலோமீட்டரில்? 4.1 போட்ட கார் இன்னமும் இரண்டாவது கியரிலேயே இழுத்துக்கொண்டிருக்கிறது. கியரும் ஃபைனல் டிரைவும் சேர்ந்த அதன் மொத்த விகிதம் 7.74. 4.3 போட்ட காரோ மூன்றாவது கியருக்குப் போய்விட்டது. அதன் மொத்த விகிதம் 5.72. விகிதத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்த இடத்தில் 4.1-தான் சுமார் 35 சதவிகிதம் முன்னால். "பலம் அதிகம்" என்று சொன்ன கியர், 93-க்கும் 98-க்கும் நடுவில் படுத்துவிடுகிறது. கியரை மாற்றும் நேரத்தில் கிளட்ச் மிதிபட்டிருப்பதால் சக்கரத்துக்கு ஒன்றுமே போகாது என்பது தனிக் கணக்கு. ஆட்டோகிராஸில் ஒரே ஒரு இடத்துக்காக மூன்றாவது கியருக்குப் போய், அடுத்த கூம்புக்கு முன்னால் மறுபடியும் இரண்டுக்கு வந்தால், விநாடியில் நூறில் ஒரு பங்கை எண்ணுகிற ஆட்டத்தில் அந்த ஓட்டம் கையைவிட்டுப் போனது போலத்தான்.

அதனால் "எந்த எண் வேகமானது?" என்ற கேள்விக்கே அர்த்தம் இல்லை. எந்தப் பாதை, அதில் எந்த இடத்தில் அதிக வேகம் என்பதுதான் கேள்வி. நம்மவர் ஓட்டும் ஆட்டோகிராஸ் பாதைகளில் உச்ச வேகம் பெரும்பாலும் 88, 90 என்று நின்றுவிடுகிறது என்றால், தொழிற்சாலை போட்ட 4.3-ஐத் தொடவே வேண்டாம். அடிக்கடி 95-ஐத் தொடுகிறது என்றால் 4.1 சுகம். 4.78? வார இறுதியில் மட்டும் அல்ல, வாரம் முழுக்க அது தொல்லை. 84-ல் இரண்டாவது தீர்ந்து, பாதைக்குப் பாதை ஒரு கியர் மாற்றத்தைக் கூடுதலாகத் தலையில் கட்டும்.

டிராக் டேக்கும் இதே முறைதான், ஒரு கியர் தள்ளி. அந்த டிராக்கின் நீளமான நேர்பாதையில், பிரேக்கைத் தொடுவதற்கு முந்தைய கணத்தில் கார் எந்த வேகத்தில் இருக்கிறது? 4.3-ல் மூன்றாவது கியர் 132 வரை, 4.1-ல் 138 வரை. நேர்பாதையின் முடிவில் வேகம் 135 என்றால், 4.3 போட்ட கார் அந்த மூன்று கிலோமீட்டர் வேகத்துக்காக நான்காவது கியருக்கு ஏறி, உடனே இறங்க வேண்டும். 4.1 போட்டவர் கையை ஸ்டீயரிங்கைவிட்டு எடுக்கவே தேவையில்லை. இன்னொரு டிராக்கில் அதே இடத்தில் 125 என்றால் கதை தலைகீழ். 4.3-தான் அங்கே ராஜா. 4.78 போட்டால் 119-ல் நான்காவது கியர். அங்கிருந்து 132 வரை 4.3 காரைவிட 16 சதவிகிதம் பலம் குறைவு. 132-க்கு மேல் அதுவும் நான்காவது கியருக்கு வந்த பிறகு மறுபடியும் 4.78 முந்தும். இப்படி முந்துவதும் பிந்துவதும் மாறி மாறி வரும் என்பதால்தான், ஒருவர் டிராக்கில் கேட்ட அறிவுரையை இன்னொருவர் டிராக்குக்குக் கொண்டுபோக முடியாது.

அடுத்த முனை, டிராக்கின் மிக மெதுவான வளைவு. மணிக்கு 40 கிலோமீட்டரில் வெளியே வர வேண்டிய வளைவு என்றால், இரண்டாவது கியரில் 4.3 போட்ட கார் சுமார் 3000 ஆர்.பி.எம்.மில் இருக்கும். 3.63 போட்டால் 2540. இந்த 1.6 லிட்டர் இன்ஜினின் முறுக்குவிசை உச்சத்துக்கு வருவதே 5500-ல்தான். 2540 என்பது அதற்கு அரைத் தூக்கம். முதல் கியருக்கு இறக்கலாமே என்று தோன்றும். வளைவின் நடுவில் முதல் கியரில் போட்டு, காரை நேராக வைத்திருக்கப் பெரிய கை வேண்டும். மெதுவான வளைவுக்கும் வேகமான நேர்பாதைக்கும் நடுவில் எத்தனை தடவை கியர் மாற்றுகிறோம் என்று எண்ணிப் பார்த்தாலே பாதி விடை வந்துவிடும்.

இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஆர்.பி.எம். மீட்டரைப் பார்க்கிற மாதிரி செல்போனைக் கட்டி வைத்து ஒரு நாள் வீடியோ எடுத்தால் போதும். வீட்டுக்கு வந்து, முள் சிவப்புக் கோட்டை எங்கே தொடுகிறது, எங்கே 3500-க்குக் கீழே விழுகிறது என்று பார்க்கலாம். நேர்பாதையின் கடைசி அரை விநாடி மட்டும் இன்ஜின் சிவப்புக் கோட்டைத் தாண்டி வேகக் கட்டுப்பாட்டில் இடிக்கிறது என்றால், அதற்காகப் பின் அச்சைக் கழற்ற வேண்டியதில்லை. அந்த அரை விநாடி அப்படியே இடிக்கவிடுவது, இரண்டு கியர் மாற்றத்தைவிட மலிவு. பலருக்கும் இந்த இடத்தில் மனசு கேட்பதில்லை. இன்ஜின் கத்துவதைக் கேட்டதும் கை தானாகக் கியர் கம்பிக்குப் போய்விடுகிறது.

மேலே போகும்போது இன்ஜினைக் காப்பாற்றும் அந்தக் கட்டுப்பாடு, கீழே இறக்கும்போது காப்பாற்றாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 110 கிலோமீட்டர் வேகத்தில், மூன்றிலிருந்து இரண்டுக்கு அவசரப்பட்டு இறக்கினால், 4.3 போட்ட காரில் சக்கரங்கள் இன்ஜினை 8200 ஆர்.பி.எம்.முக்கு மேல் இழுத்துச் சுற்றும். 4.78 போட்ட காரில் அதே பிழை 9100-ஐத் தாண்டும். பெட்ரோலை நிறுத்திப் பயனில்லை, ஏனென்றால் சுற்றுவது பெட்ரோல் அல்ல, சக்கரம். வால்வு வளைந்தால் செலவு இன்ஜினோடு போகும். குறுகிய கியர் போடுகிறவர், பிழைக்கு இருந்த இடைவெளியையும் சேர்த்தே குறுக்கிக்கொள்கிறார்.

திங்கட்கிழமை என்ன ஆகும்?

தினமும் நூறு கிலோமீட்டர் ஓடும் நெடுஞ்சாலையில் கேள்வி வேறு. மணிக்கு 110 கிலோமீட்டரில், ஐந்தாவது கியரில் இன்ஜின் எவ்வளவு சுற்றுகிறது? 4.3 என்றால் சுமார் 3560. 4.1 என்றால் 3400. 3.9 என்றால் 3240. 3.63 என்றால் 3010. 4.78 என்றால் 3960. துணிக் கூரைக்கு அடியில் உட்கார்ந்து அரை மணி நேரம் 3960-ஐக் கேட்டபடி அலுவலகம் போய்ச் சேர்ந்தவர், அங்கே யாரிடமும் நல்ல முகம் காட்ட மாட்டார். பெட்ரோலும் கொஞ்சம் கூடவே குடிக்கும்.

ஆனால் கவனிக்க வேண்டியது இன்னொன்று. 4.3-லிருந்து 4.1-க்கு இறங்கினால் மிச்சமாவது 160-170 ஆர்.பி.எம். மட்டும்தான். காது அதைக் கண்டுபிடிப்பதே சிரமம். நெடுஞ்சாலை நிம்மதிக்காக மட்டும் 4.1-க்கு மாறுவது, செருப்புக் கடிக்கிறது என்று காலை வெட்டிக்கொள்வது மாதிரி. 3.63-க்கு இறங்கினால் 550 மிச்சம். அது தெரியும். ஆனால் 116 குதிரை மட்டும் இருக்கும் இன்ஜினுக்கு அது பாரம். நகர நெரிசலில் கிளட்சும் சேர்ந்து வேலை செய்ய வேண்டிவரும். டர்போ பொருத்தி இன்ஜினின் பலத்தைக் கூட்டியவர்களுக்குத்தான் 3.63 உண்மையான தோழன். அவர்களுக்கு முதல் கியரும் இரண்டாவது கியரும் கண்ணிமைப்பதற்குள் தீர்ந்துபோகும். கியரை நீட்டினால்தான் பலம் வீணாகாது.

ஆறு கியர் பெட்டி போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. மியாட்டாவின் ஆறு கியர் பெட்டியில் ஆறாவது 0.843. பழைய பெட்டியின் ஐந்தாவது 0.814. அதாவது 4.3-ஐ மாற்றாமல் ஆறு கியர் பெட்டியை மட்டும் போட்டால், நெடுஞ்சாலையில் இன்ஜின் முன்பைவிட அதிகமாகத்தான் சுற்றும். 110-ல் 3690. கியர்கள் நெருக்கமாக அடுக்கப்பட்ட பெட்டி அது. மேலே கூடுதலாக ஒரு கியர் சேர்த்த பெட்டி அல்ல. அதோடு 3.9-ஓ 3.63-ஓ ஜோடி சேர்த்தால்தான் நியாயம்.

உடைவது எது?

எண்ணைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் இரும்பை மறந்துவிடுவோம். 1.6 லிட்டர் மியாட்டாவின் பின் அச்சில் இருக்கும் கிரவுன் 6 அங்குலம். 1994 முதல் வந்த 1.8 லிட்டரில் 7 அங்குலம். சின்ன கிரவுன், இழுவை அதிகமான டயர்களோடு வாரா வாரம் முறுக்கப்பட்டால் தாங்காது என்பது மியாட்டாக்காரர்கள் நன்கு அறிந்த விஷயம். 7 அங்குல அச்சோடு, கூடுதல் விலைக்கு டோர்சன் என்ற பிடிப்பு டிஃபரன்ஷியலும் கிடைத்தது. சாதாரண டிஃபரன்ஷியலில், வளைவின் உள்பக்கச் சக்கரம் லேசாகத் தூக்கினால் இன்ஜினின் பலம் முழுக்க அந்தச் சக்கரத்தை வெறுமனே சுற்றுவதில் போய்விடும். டோர்சன், பிடிப்பு இருக்கும் பக்கத்துக்குப் பலத்தைத் தள்ளும். நிமிடத்துக்குப் பத்து வளைவு திரும்பும் ஆட்டோகிராஸில், இது தரும் லாபத்தோடு ஒப்பிட்டால் 4.3-க்கும் 4.1-க்கும் நடுவில் இருக்கும் 5 சதவிகிதம் கொசுறு. பிடிப்பு இல்லாத டிஃபரன்ஷியலில் குறுகிய கியர் போட்டால் உள்சக்கரம் இன்னும் சுலபமாகச் சுழலும். போட்ட காசு புகையாகப் போகும்.

ஆகவே நம் 1992 மாடல்காரருக்கு விடை எண்ணிலிருந்து வரவில்லை. திங்கட்கிழமை கார் வேண்டும் என்பதிலிருந்து வருகிறது. 6 அங்குல அச்சு நன்றாக இருக்கும் வரை 4.3-லேயே ஓட்டி, ஓட்டக் கற்றுக்கொள்ளலாம். மாற்றுவது என்று வந்தால், பழைய 1.8 லிட்டர் காரிலிருந்து கழற்றிய 7 அங்குல டோர்சன் அச்சை முழுசாக வாங்க வேண்டும். அதற்கேற்ற பக்கத் தண்டுகளும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் கூடவே வேண்டும், பழையவை பொருந்தாது. அதில் 4.1 வந்தால் மகிழ்ச்சி, 4.3 கிடைத்தாலும் குறையில்லை. அது ஒரு போனஸ் மாதிரி வரட்டும்.

கிரவுன் பினியனை மட்டும் தனியாக வாங்கிப் பழைய கூட்டில் மாட்டுகிறேன் என்று வீட்டு வாசலில் உட்காருவது அகலக்கால். பல்லுக்கும் பல்லுக்கும் இடைவெளி மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவில் அமைய வேண்டும். பினியன் பேரிங்கின் இறுக்கத்தைத் தனிக் கருவியால் அளக்க வேண்டும். பல்லில் சாயம் தடவிச் சுற்றி, கடி நடுவில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். கடி ஓரத்தில் விழுந்தால் முதலில் ஊளைச் சத்தம் வரும், பிறகு பல் போகும். இதையே தொழிலாகச் செய்கிறவரிடம் கொடுப்பதுதான் கடைசியில் சிக்கனம்.

வாங்குவதற்கு முன்னால் பந்தயத்தின் விதிப்புத்தகத்தையும் ஒரு தடவை புரட்டிவிட வேண்டும். அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கிளப் நடத்தும் ஆட்டோகிராஸில், தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே ஓடும் கார்களுக்கான ஸ்ட்ரீட் பிரிவில் ஃபைனல் டிரைவை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. மாற்றினால் கடுமையாகத் திருத்தப்பட்ட கார்களோடு மோத வேண்டிவரும். ஐந்து சதவிகித இழுவைக்காக ஐந்து மடங்கு செலவு செய்தவர்களின் நடுவில் போய் நிற்பது புத்திசாலித்தனமா என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளலாம்.

டயரை மாற்றினாலும் விகிதம் மாறும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. 195/50 ஆர்15 டயர், பழைய 185/60 ஆர்14-ன் விட்டத்தோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகும். 205/50 ஆர்15 சுமார் ஒன்றரை சதவிகிதம் பெரியது. விட்டம் ஐந்து சதவிகிதம் குறைந்த டயரை மாட்டினால், 4.3 கிட்டத்தட்ட 4.5 மாதிரி நடந்துகொள்ளும். எப்படியும் டயர் தேயும், எப்படியும் புதிது வாங்கத்தான் போகிறோம். அச்சைக் கழற்றுவதற்கு முன்னால், அடுத்த ஜோடி டயரின் அளவை வைத்து இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம்.

அச்சை மாற்றிய பிறகு கடைசியாக ஒரு வேலை பாக்கி. அந்தக் கால மியாட்டாவின் ஸ்பீடாமீட்டர் கியர்பாக்ஸின் பின்முனையிலிருந்து சுழற்சியை எடுத்துக்கொள்கிறது. அதற்கு அப்பால் நடந்த மாற்றம் அதற்குத் தெரியாது. 4.3 இருந்த இடத்தில் 4.1 போட்டால், முன்பு 105 என்று காட்டிய வேகத்துக்கு இப்போது 100 என்றுதான் காட்டும். ஓடிய கிலோமீட்டரும் குறைவாகவே பதிவாகும், ஆயில் மாற்றும் கணக்கும் தள்ளிப்போகும். கியர்பாக்ஸில் செருகியிருக்கும் ஸ்பீடாமீட்டரின் சின்னப் பல்சக்கரத்தை, 4.1-க்கு உரியதாக மாற்றினால் சரியாகிவிடும். கையளவுகூட இல்லாத பிளாஸ்டிக் துண்டு அது. அச்சு வாங்கும்போதே கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது, நெடுஞ்சாலை போலீஸ்காரரிடம் பல் எண்ணிக்கையை விளக்கிக்கொண்டிருக்க முடியாது.